பத்து வயதுப் பையனுக்கு முழு சைஸ் கேரம் போர்டு: பரிசும் அதுவே, பார்ட்டியும் அதுவே

இந்த விமர்சனம் ஒரு கேரம் போர்டைப் பற்றியது. முழு அளவு போர்டு. ஆடும் பரப்பு 74 செ.மீ.க்கு 74 செ.மீ., பழைய கணக்கில் 29 அங்குலம். 8 மி.மீ. பிளைவுட், மூன்று அங்குல அகலத்தில் மரச்சட்டம். சென்னை நேரு ஸ்டேடியம் பக்கத்தில் வரிசையாக இருக்கிற விளையாட்டுச் சாமான் கடைகளில் ஒன்றில் வாங்கினேன். 4,800 சொன்னார்கள், பேசி 4,200க்கு முடிந்தது. ஒரு செட் காயின், அதை அடிக்கிற ஸ்ட்ரைக்கர் ஒன்று, ஒரு டப்பா பவுடர் அதிலேயே சேர்த்தி. ஸ்டாண்டு தனி, 900 ரூபாய். வாங்கியது என் அக்கா மகன் கவினின் பத்தாவது பிறந்தநாளுக்கு. பரிசாக வாங்கிய பொருளே அன்றைய பார்ட்டியாகவும் ஆகிவிட்டதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு என்ன வாங்குவது, பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஐயாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும் என்றால் தயங்காமல் நல்ல கேரம் போர்டு ஒன்று வாங்குங்கள்.

தாய்மாமன் என்றால் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு மாதம் முன்பே “மாமா, இந்தத் தடவை என்ன?” என்று போன் வந்துவிடும். எட்டிலிருந்து பதிமூன்று வரைக்குமான வயதுதான் பரிசு வாங்க ரொம்பக் கஷ்டமான வயது. பொம்மை தாண்டிவிட்டது, போன் கொடுக்கிற வயது வரவில்லை. துணிமணி கொடுத்தால் “தாங்க்ஸ் மாமா” என்று வாங்கி அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுவான். கவினின் பீரோ மேல்தட்டில் போன வருஷங்களின் பரிசுகள் அப்படியே இருக்கின்றன. சார்ஜர் தொலைந்த ரிமோட் கார், பாதி செய்து நின்றுபோன ரோபோ கிட், இரண்டு டிஜிட்டல் வாட்ச், காய்ந்துபோன ஸ்லைம் டப்பாக்கள். எதுவும் மோசமான பொருள் இல்லை. ஆனால் எல்லாமே ஒரு ஆள் ஆடுகிற சாமான். ரிமோட் காரை ஒருவன் ஓட்டும்போது மற்றவர்கள் “எனக்குக் குடுடா, எனக்குக் குடுடா” என்று பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டிய ஒரு சாமான் வேண்டும் என்று எனக்கு முதலிலேயே தோன்றியது.

சவுகார்பேட்டை காசி செட்டித் தெருவுக்கும் போய்ப் பார்த்தேன். பிறந்தநாள் அலங்காரச் சாமானுக்கும் சில்லறைப் பரிசுகளுக்கும் அந்தப் பக்கத்தை அடிக்க வேறு இடம் இல்லை. பலூன், தோரணம், தொப்பி எல்லாம் அங்கேதான் வாங்கினோம். ஆனால் எலக்ட்ரிக் பொம்மை வாங்குவதாக இருந்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் தயாரிப்பு என்று வந்துவிடும். எண் இல்லாத பொம்மை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முக்கியமாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன வட்ட பேட்டரி போட்ட பொம்மைகள். அந்த மூடி ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். அக்கா வீட்டில் இரண்டரை வயதுக் குட்டி யாழினியும் இருக்கிறாள், அதனால் இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

சரி, கேரமுக்கு வருகிறேன். வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் சாயங்காலம் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையிலோ மன்றத்துக் கொட்டகையிலோ தலைக்கு மேலே ஷேடு போட்ட ஒரு பல்பு தொங்கும், கீழே நாலு பேர் ஆடுவார்கள், சுற்றி பத்துப் பேர் நிற்பார்கள். உலக அளவில் கேரமை நடத்துகிற சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸில் நடந்த உலகப் போட்டியில் ஜெயித்து வந்தார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா தனிநபர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கினார். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுநர், வடசென்னையில் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுப்பவர். இவ்வளவும் நம் ஊர்க்காரர்கள் சாதித்தது. ஆனால் கொளத்தூரில் ஃபிளாட்டில் வளர்கிற என் மருமகனுக்குக் கேரம் என்றால் போனில் விரலால் இழுத்து விடுகிற கேம் என்றுதான் தெரியும். அது எனக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது.

“சின்னதா ஒன்னு ஆன்லைன்ல போட்டுடேன் தம்பி, வீட்ல இடம் வேணாமா?” என்றாள் அக்கா. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறான போர்டை வாங்கிவிடுகிறார்கள். இருபது அங்குலம், இருபத்தாறு அங்குலம் என்று எழுநூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அக்கா வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் அப்படி வரவழைத்ததைப் போய்ப் பார்த்தோம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பலகை உள்ளே போய் வருகிறது. காயின் எல்லாம் ஒரு மூலையை நோக்கியே நழுவுகிறது. ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டதும் அங்கேயே செத்துவிடுகிறது. பையன் என்ன செய்வான்? சரியாகத்தான் அடிக்கிறான், காயின் போகவில்லை. கொஞ்ச நாளில் “கேரம் போர்” என்று சொல்லிவிடுவான். தன் கை சரியாக இருந்தும் பலகை ஏமாற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் சலிப்பு வரத்தான் செய்யும். பத்து வயதுப் பையனின் கை முழு அளவு போர்டில் எட்டும். எதிர்ப்பக்கக் காயினை நேராக அடிக்க வேகம் போதாது, அவ்வளவுதான். அது ஆறு மாதத்தில் வந்துவிடும். இந்த போர்டு அவன் காலேஜ் போகிறவரைக்கும் இருக்கும். அதனால் ஆறாம் வகுப்புக்கு மேல் வாங்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், குட்டி போர்டும் வாங்காதீர்கள்.

கடையில் போர்டைச் சோதிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு முழுவதும் இதில்தான் இருக்கிறது. சுவரில் சாய்த்து வைத்திருப்பதை அப்படியே பார்த்துவிட்டு “பேக் பண்ணுங்க” என்று சொல்லாதீர்கள். சமமான மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். கையோடு ஒரு இஞ்ச் டேப் கொண்டுபோங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, சட்டத்தின் உள்விளிம்பு சேரும் இடத்திலிருந்து, குறுக்கே அளக்க வேண்டும். 74 செ.மீ. சதுரமாக இருந்தால் இரண்டு குறுக்களவும் 104.6 செ.மீ. பக்கத்தில் ஒரே மாதிரி வரும். ஒன்று கூட, ஒன்று குறைய வந்தால் சட்டம் கோணல். அந்த போர்டில் டபுள் அடிப்பது, அதாவது காயினைச் சட்டத்தில் மோதவிட்டு எடுப்பது, என்றைக்கும் கணக்காக வராது. நான் பார்த்த முதல் போர்டில் முக்கால் செ.மீ. வித்தியாசம் இருந்தது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் அடுத்ததை எடுத்து வைத்தார். அதற்காகவே அவரிடம் வாங்கினேன்.

அப்புறம் கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் போன் டார்ச்சைப் படுக்க வைத்துப் பாருங்கள். மேடு பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு இரும்பு ஸ்கேலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். கடைசியாக, கொஞ்சம் பவுடர் தூவி ஸ்ட்ரைக்கரை நேராக எதிர்ச்சட்டத்தில் சுண்டி அடியுங்கள். போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். சம்மேளன விதிப்படி 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் போர்டை மூன்றரை தடவை கடக்க வேண்டும். நான் வாங்கியது மூன்றைத் தாண்டி நின்றது. புதுப் பலகைக்கு அது போதும், ஆட ஆட வழுவழுப்பு ஏறும். கேரம்காரர்கள் வாயில் அடிபடும் சிஸ்கா, சின்கோ, சுர்கோ போன்ற கம்பெனிகளின் போட்டி போர்டுகளும் அதே கடையில் இருந்தன. 12 மி.மீ., அதற்கு மேல் என்று கனம் கூடக்கூட விலையும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிறது. வீட்டுப் பையனுக்கு அது தேவையில்லை. பயிற்சிக்கு அனுப்புகிற எண்ணம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பொருளின் நிறைகுறை என்று பார்த்தால், பலகையும் சட்டமும் நூற்றுக்குத் தொண்ணூறு. கோடுகள் சுத்தமாக, பிசிறில்லாமல் இருக்கின்றன. நாலு மூலை ஓட்டைகளின் விளிம்பும் நன்றாக இழைக்கப்பட்டிருக்கிறது. கூடவே கொடுத்த சாமான்கள் மட்டும் சுமார். காயின் செட்டில் இரண்டு மூன்று மற்றதைவிட லேசாக இருந்தன, ஒன்றின் ஓரம் சிராய்த்திருந்தது. நல்ல காயின் 5 கிராம் எடையில், 3 செ.மீ.க்குச் சற்று மேல் குறுக்களவில், எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். நான் 350 ரூபாய்க்கு வேறொரு மரக்காயின் செட் எடுத்துக்கொண்டேன். மூலை வலைகள் மெல்லிய நைலான், ஆணி சரியாக இறங்கவில்லை. ஸ்டாண்டு உறுதியாக இருக்கிறது, ஆனால் கால் அடியில் ரப்பர் இல்லாததால் டைல்ஸ் தரையில் நகர்கிறது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினோம், சரியாகிவிட்டது.

இன்னொன்று, எடை. பத்துக் கிலோவுக்கு மேல் வரும். வெளியளவு கிட்டத்தட்ட 90 செ.மீ. சதுரம். பைக்கில் கொண்டுபோகவே நினைக்காதீர்கள். ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்காக, சற்றே சாய்த்துப் போனது. மூலைகளுக்கு அட்டை வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். கிஃப்ட் பேப்பர் எதுவும் இந்த அளவுக்குப் போதாது. நான் ஒரு பழைய வேட்டியைச் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். கவின் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். “டி.வி.யா மாமா?” என்று கேட்டான். பிரித்தபோது சந்தோஷம், கூடவே ஒரு சின்னத் திகைப்பு. பத்து நிமிஷம் எதிரில் உட்கார்ந்து அவனோடு ஆடினேன். முதல் காயின் மூலையில் விழுகிற சத்தம் கேட்டதும் திகைப்பு போய்விட்டது. பரிசு கொடுப்பவர் அந்தப் பத்து நிமிஷத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டால் இந்தப் பரிசு பாதிப் பரிசுதான்.

இப்போது பார்ட்டி. அக்கா முதலில் விசாரித்தது ஒரு மாலில் இருக்கிற கேமிங் இடத்தில். தலைக்கு எண்ணூறு ரூபாய், பன்னிரண்டு பையன்கள் என்றால் 9,600, கேக் தனி. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆளுக்கொரு மெஷின் முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதற்குப் பதில் வீட்டிலேயே கேரம் டோர்னமென்ட் வைக்கலாம் என்றேன். பன்னிரண்டு பையன்களுக்கு ஒரு போர்டு போதாது, நாலு பேர் ஆடினால் எட்டுப் பேர் சும்மா நிற்பார்கள், பத்து நிமிஷத்தில் வீடு ரணகளமாகிவிடும். எங்கள் தெரு மன்றத்திலிருந்து இன்னொரு போர்டு ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டேன்.

கணக்கு இப்படிப் போட்டேன். பன்னிரண்டு பேரை ஆறு ஜோடியாகப் பிரித்தேன். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான், இல்லாவிட்டால் கெட்டிக்காரன் ரெண்டு பேர் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு ஜோடியும் மற்ற ஐந்து ஜோடிகளோடும் மோத வேண்டும், மொத்தம் பதினைந்து ஆட்டம். இரண்டு போர்டில் ஒரே நேரத்தில் நடப்பதால் எட்டுச் சுற்று. ஒரு சுற்றுக்கு எட்டு நிமிஷம், போனில் அலாரம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தோற்றவன் வெளியே போ என்கிற நாக் அவுட் முறை பிள்ளைகள் பார்ட்டிக்கு உதவாது. முதல் ஆட்டத்திலேயே தோற்ற பையன் மீதி நேரம் முழுக்க மூலையில் உட்கார்ந்திருப்பான், அவன் அம்மா வந்து கூப்பிடும்போது முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாயின்ட் கணக்குக்கும் காரணம் இருக்கிறது. போட்டி விதியில் ரெட்டுக்கு, அதாவது அந்த ஒரே சிவப்புக் காயினுக்கு, மூன்று பாயின்ட், எதிராளியின் மிச்சக் காயினுக்கு ஒவ்வொன்று. அதில் ஒரு போர்டு, அதாவது ஒரு முழு ஆட்டம், முடிந்தால்தான் முடிவு தெரியும். எட்டு நிமிஷத்தில் பிள்ளைகளால் ஒரு போர்டை முடிக்க முடியாது. அதனால் எங்கள் தெருக் கணக்கை வைத்தேன். கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. மொத்தம் 320. அலாரம் அடிக்கும்போது யார் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. ரெட் போட்டால் அடுத்து ஃபாலோ, அதாவது இன்னொரு காயின், போட வேண்டும், ஸ்ட்ரைக்கர் உள்ளே விழுந்தால் ஒரு காயின் திரும்ப வைக்க வேண்டும். பாயின்ட்டுக்கு வேறு விதி எதுவும் இல்லை. ஆட்டமில்லாத இரண்டு ஜோடிகள்தான் அம்பயரும் ஸ்கோரரும். கையில் ஸ்லேட்டைக் கொடுத்ததும் அவர்கள் காட்டிய கண்டிப்பு இருக்கிறதே, “கை கோட்டைத் தாண்டிச்சு, செல்லாது” என்று தன் உயிர் நண்பனிடமே சொல்கிறான் ஒருவன். வாய்ப்பாடு சொல்லத் திணறுகிறவன்கூட எண்பதும் ஐம்பதும் நூற்று முப்பது என்று சட்டென்று கூட்டுகிறான்.

வந்தவர்களில் ஃபைசல் என்ற பையனுக்குக் கேரம் சுத்தமாகத் தெரியாது. கட்டைவிரலில் ஆட்காட்டி விரலைப் பூட்டி அடித்து, நகம் ஸ்ட்ரைக்கரில் பட்டு வலிக்க, “எனக்கு வரல மாமா, நான் ஸ்கோர் மட்டும் எழுதுறேன்” என்று ஒதுங்கினான். பக்கத்தில் உட்கார வைத்தேன். நடுவிரலுக்குப் பின்னால் ஆட்காட்டி விரலைச் சிக்க வைத்து, உள்ளங்கையைப் பலகையில் லேசாக ஊன்றிக்கொண்டு, விரலை விடுவித்தால் போதும், வேகம் தானாக வரும் என்று காட்டினேன். அடிக்கும் முன் விரல் ஸ்ட்ரைக்கரைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இடைவெளி விட்டு அடித்தால்தான் நகம் வலிக்கும். நாலைந்து அடி வீணானது. அதற்கப்புறம் ஒரு வெள்ளை, ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக நகர்ந்து மூலை விளிம்பில் தயங்கி உள்ளே விழுந்தது. எதிர் ஜோடிப் பையன்களே கைதட்டினார்கள். மூன்றாவது சுற்றில் அவன் எழுதவில்லை, ஆடினான். எனக்கு அந்த நாளில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஆட்டம் முடிந்த பிறகுதான் தட்டு. எண்ணெய்க் கை போர்டில் பட்டால் அந்த இடம் ஒட்டும், எளிதில் போகாது. அதைவிட முக்கியம் பவுடர். கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட், கரப்பான்பூச்சிக்கு வைக்கிற அதே சரக்கு. வயிற்றுக்குள் போகக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னோம். கேக் வெட்டிய பிறகு அத்தோ. பர்மாவிலிருந்து வந்தவர்கள் வியாசர்பாடிக்கும் பீச் பக்கத்துக்கும் கொண்டுவந்த அந்த நூடுல்ஸை, எங்கள் பக்கத்துத் தள்ளுவண்டி அண்ணன் வீட்டுக்கே வந்து பிசைந்து கொடுத்தார். பொரித்த பூண்டு, வெங்காயம், பேஜோ என்கிற முறுகலான வறுவல் போட்டு, காரத்தைக் குறைத்து. பீட்சா கேட்டு வந்த பையன்கள் இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தட்டுகளுக்கு மந்தாரை இலை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தட்டும் கப்பும் 2019-லிருந்தே தமிழ்நாட்டில் தடை, இருந்தாலும் பார்ட்டி என்றால் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

ரிட்டர்ன் கிஃப்ட்டாக ஆளுக்கொரு ஸ்ட்ரைக்கர், அதே கடையில், ஒன்று அறுபது ரூபாய். வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பூ வேலைப்பாட்டில் எடுத்தோம். எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி, தராசில் போட்டு வாங்கினேன், கடைகளில் கனமான ஸ்ட்ரைக்கரும் விற்கிறார்கள். சின்ன மஞ்சப்பை ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ரைக்கர், பையன் பெயர் எழுதிய அட்டை. பென்சில் பாக்ஸ், சாக்லேட் டப்பா எல்லாம் வீட்டுக்குப் போன மறுநாளே காணாமல் போய்விடும். தனக்கென்று ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கிற பையன் கேரம் போர்டு இருக்கிற வீட்டைத் தேடி வருவான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டு வாசலில் நாலு ஜோடி செருப்பாவது கிடக்கிறது, எல்லார் சட்டைப் பையிலும் அவரவர் ஸ்ட்ரைக்கர். ஜெயித்த ஜோடிக்கு ஆளுக்கொரு கப் கொடுத்தோம், அதைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. காயின் யாழினி வாய்க்குள் சரியாகப் போகிற அளவு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் கிடைக்கவே கூடாது. ஆட்டம் முடிந்ததும் 19 காயினும் எண்ணி டப்பாவில் போட்டு மேலே வைக்க வேண்டும் என்பது கவினுக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை. ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு ரெட். அவன் அதை இதுவரைக்கும் ஒழுங்காகச் செய்கிறான்.

பராமரிப்பில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல போர்டும் ஒட்டத் தொடங்கும், ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிடும். உடனே முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டாதீர்கள், அது ஈரத்தை இழுத்து மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். ஈரத் துணி வைத்துத் துடைக்கவே கூடாது. காய்ந்த பருத்தித் துணியால் பழைய பவுடரைத் துடைத்து எடுத்துவிட்டு, புதுப் பவுடரை ஒரு சிட்டிகை மட்டும் தூவிப் பரப்ப வேண்டும். ஆடாத நேரத்தில் கட்டிலுக்கு அடியில் சமமாகப் படுக்க வைக்கலாம், இல்லையென்றால் சுவரோடு சுவராக நேராக நிறுத்தலாம். சாய்த்து வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பலகை வளைந்துவிடும். மழைத்தண்ணீர் ஊறுகிற வெளிச்சுவர்ப் பக்கம் வைக்கவும் கூடாது. பால்கனியில் வைக்கிற சாமானே இல்லை இது.

யாருக்கு இது சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு, ஏழு வயதுப் பையனுக்கு வேண்டாம். விரலில் வலு இருக்காது, வெறுப்புதான் வரும். அந்த வயதுக்குப் பல்லாங்குழி, தாயக்கட்டை, ஆடு புலி ஆட்டம் நன்றாக இருக்கும். சென்னையிலேயே கிரீடா என்ற நிறுவனம் 2002-லிருந்து நம் பழைய விளையாட்டுகளை அழகாகப் பெட்டியில் போட்டு விற்கிறது, அதில் ஒன்றை எடுக்கலாம். வீட்டில் கூட உட்கார்ந்து ஆட அண்ணன் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ பெரியவர்களோ யாருமே இல்லை என்றாலும் கேரம் வாங்கிப் பயனில்லை. சாயங்காலம் முழுக்க டியூஷன் என்று இருக்கிற பையனுக்கு வாங்கிக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமையாவது அவனை விட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் சேர்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

உதிரிச் சாமான் பற்றிக் கேட்பவர்களுக்கு: மூலை வலை இரண்டு கிழிந்துவிட்டது, நாலு வலையும் சேர்த்து அதே கடையில் 80 ரூபாய், ஆணியும் அவர்களே கொடுத்தார்கள். பவுடர் டப்பா ஒன்று மூன்று மாதம் வருகிறது. தீபாவளிக்கு போர்டுக்கு மேலே தொங்கவிட ஷேடு போட்ட பல்பு ஒன்று மாட்டித் தருவதாகக் கவினிடம் சொல்லியிருக்கிறேன், எலக்ட்ரீஷியனிடம் விசாரித்ததில் ஒயரிங்கோடு அறுநூறு ரூபாய்க்குள் முடியும் என்கிறார்.